டிரெய்லருக்கு டயர் அழுத்தக் கருவி வாங்குவது எப்படி: வால்விலிருந்து அலாரம் வரை முழுமையான வழிகாட்டி

எங்கள் டாலஸ் வட்டாரத்தில் டிரெய்லர் (பிக்கப்பின் பின்னால் இழுத்துச் செல்லும் முகாம் வண்டி) வாங்கிய நண்பர்கள் ஏழெட்டுப் பேருக்கு டயர் அழுத்தம் காட்டும் கருவியைக் கூட இருந்து பொருத்திக் கொடுத்திருக்கிறேன். டிபிஎம்எஸ் என்று சொல்வோமே, அதுதான்: ஒவ்வொரு டயரிலும் ஒரு சென்சார், ஓட்டுகிறவர் முன்னால் ஒரு டிஸ்பிளே. ஏறக்குறைய எல்லோரும் தடுமாறியது ஒரே இடத்தில்: கருவியை முதலில் வாங்கிவிட்டு, டயரையும் வால்வையும் அப்புறம் பார்த்தார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். டயர், அது தாங்கும் எடை, வால்வு, வண்டியின் நீளம் ஆகிய நான்கும் தெரிந்துவிட்டால் எந்தக் கருவி வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

பிக்கப்பில்தான் டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு ஏற்கெனவே இருக்கிறதே என்று தோன்றலாம். அமெரிக்கச் சட்டம் 2007 செப்டம்பரிலிருந்து புதிய கார்களுக்கும் 10,000 பவுண்டு வரையிலான பிக்கப்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காரில் ஒரு டயர் போனால் ஸ்டியரிங் இழுக்கும், கைக்குத் தெரியும். இரட்டை ஆக்சில் டிரெய்லரில் ஒன்று போனால் பக்கத்து டயர் அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடும். ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது.

எங்களுக்கு அது நடந்தது யுஎஸ் 287 சாலையில், விச்சிட்டா ஃபால்ஸைத் தாண்டி அமரில்லோ போகும் வழியில். ஒரு டிரக் ஓட்டுநர் பக்கத்தில் வந்து ஹார்ன் அடித்து, பின்னால் பார் என்று கை காட்டினார். ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தால், இடது பின் டயர் இருந்த இடத்தில் ரிம்மும், அதைச் சுற்றிக் கம்பி இழைகள் தொங்கும் ஒரு ரப்பர் வளையமும்தான். கிழிந்த ரப்பர் சுழன்று சுழன்று அடித்ததில் மட்கார்டு பிய்ந்து, அதன் பின்னால் ஓடிய ஒயர் கட்டு அறுந்து கிடந்தது. சமையல் எரிவாயுக் குழாய் அங்கிருந்து ஒரு சாண் தூரம். அந்த ஒரு சாணை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

100 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தின் அலகு) மேல் காட்டக்கூடிய டிஜிட்டல் கேஜ் ஒன்று. உங்கள் டயரின் அழுத்தம் வரை உண்மையிலேயே ஏற்றக்கூடிய 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று. கார் டயருக்கான சிறிய கம்ப்ரஸர்கள் 50 பிஎஸ்ஐக்கு மேல் திணறும், சூடேறி நின்றுவிடும். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்த தண்ணீர் ஒரு ஸ்பிரே பாட்டிலில். மாஸ்கிங் டேப், மார்க்கர், டார்ச். அவ்வளவுதான். கருவியே வழியில் நம்பிக்கையாகக் காட்டும்போது கேஜ் எதற்கு என்று கேட்பார்கள். கருவி சொல்வது சரியா என்று சோதிக்கத்தான்.

1. டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

டிரெய்லரின் இடது முன்பக்கம், வெளியே, ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவு, குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டிய அழுத்தம், வண்டியின் மொத்த எடை வரம்பு மூன்றும் அதில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டயரில் உள்ளதை அதோடு ஒப்பிடுங்கள். முந்தைய உரிமையாளர் டயரை மாற்றியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது.

எங்கள் டயர் எஸ்டி225/75ஆர்15, லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) டி. எஸ்டி என்றால் டிரெய்லருக்கென்றே செய்த டயர். இந்த அளவில் லோடு ரேஞ்ச் சி என்றால் 50 பிஎஸ்ஐ, டி என்றால் 65, இ என்றால் 80. எழுத்து மாறினால் அழுத்தம் மாறும், அதோடு நீங்கள் வாங்கும் சென்சாரின் எல்லையும் மாறும்.

அடுத்து வயது. டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. இந்த நான்கு எண்கள் சில சமயம் டயரின் உட்பக்கத்தில் மட்டுமே இருக்கும். டார்ச் அடித்துக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும், சலித்துக்கொள்ளாதீர்கள். ஆறு வயதைத் தாண்டிய டிரெய்லர் டயரில் சென்சார் மாட்டுவதற்கு முன் டயரை மாற்றுங்கள். கருவி காற்று இறங்குவதைத்தான் சொல்லும். பழைய டயரில் மேல்பட்டை உரிந்து சட்டென்று வெடிப்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. கருவிக்குப் பணம் செலவழித்துவிட்டோம், டயரை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் உண்டு. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அதை டயரில் போடுங்கள்.

2. ஒருமுறை எடை போடுங்கள்

பயணத்துக்குக் கிளம்புவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிக்கொண்டு, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடைக்குப் போங்கள். பிக்கப்பின் முன் ஆக்சில் ஒரு தட்டில், பின் ஆக்சில் அடுத்த தட்டில், டிரெய்லர் ஆக்சில்கள் மூன்றாவது தட்டில் நிற்க வேண்டும். சீட்டில் மூன்று எண்கள் வரும். மூன்றாவது எண்தான் உங்களுக்கு வேண்டியது.

எங்கள் வண்டிக்கு அது 6,640 பவுண்டு. நான்கு டயருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1,660. ஆனால் எடை ஒருபோதும் சமமாக நிற்காது. அடுப்பும் ஃபிரிட்ஜும் இருக்கும் பக்கம் கூடுதலாக அழுத்தும். அதனால் 10 சதவீதம் சேர்த்து 1,830 என்று வைத்துக்கொண்டேன். எங்கள் டயர் 65 பிஎஸ்ஐயில் 2,540 பவுண்டும், 50 பிஎஸ்ஐயில் 2,150 பவுண்டும் தாங்கும்.

அப்படியானால் 50 போதுமே, பயணம் மெத்தென்று இருக்குமே என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். இரட்டை ஆக்சில் டிரெய்லர் இறுக்கமாகத் திரும்பும்போது டயர்கள் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடும். முகாம் இடத்துக்குள் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று பாருங்கள், டயரின் வயிறு ஒரு பக்கமாகப் பிதுங்குவது கண்ணுக்கே தெரியும். காற்று குறைவாக இருந்தால் அந்த முறுக்கு இன்னும் கூடும். ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.

3. வால்வைப் பாருங்கள்

கருவியைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்மையில் இதுதான். வால்வு ரப்பரா உலோகமா என்று பார்க்காமல் ஆர்டர் போட்டவர்கள்தான் திரும்ப அனுப்பினார்கள்.

வெளியே மாட்டும் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். வால்வு மூடி இருக்கும் இடத்தில் சென்சாரைத் திருகுகிறோம். அது வால்வின் உள்ளே இருக்கும் பின்னை அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். அழுத்தம் சென்சாரை எட்ட வேறு வழியில்லை. ஆக அந்த நிமிடத்திலிருந்து டயரின் காற்றை அடைத்து வைத்திருப்பது வால்வு பின் இல்லை, சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷர். சென்சார் உடைந்தாலோ வால்வு வெடித்தாலோ காற்று போய்விடும்.

இப்போது ஒரு கணக்கு. 15 இன்ச் ரிம்மில் மாட்டிய 10 கிராம் சென்சார், வண்டி 60 மைல் வேகத்தில் போகும்போது, சுழற்சியின் விசையால் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை போல வால்வை வெளிநோக்கி இழுக்கும். 20 கிராம் சென்சார் என்றால் ஏறக்குறைய இரண்டு கிலோ. மணிக்கணக்காக, மைல் கணக்காக. ரப்பர் வால்வு இதில் வளைந்து வளைந்து அடிப்பகுதியில் வெடிப்பு விடும்.

சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குமானது. 80 பிஎஸ்ஐ டயரில் அது இருந்தால் சென்சார் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் தவறு. நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வாக மாற்றுங்கள். ஒரு தடவைதான் செலவு. டயர் கடையில் ஐந்தையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள். புது டயர் போடும் நாளிலேயே செய்தால் கூலி மிச்சம். அதே நாளில் ரிம் எத்தனை பிஎஸ்ஐ தாங்கும் என்பதையும் கேளுங்கள். ரிம்மின் உட்புறம் பொறித்திருக்கும். லோடு ரேஞ்ச் ‘டி’யிலிருந்து ‘இ’க்கு மாறுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வால்வின் உலோகம் எது என்பதும் முக்கியம். சென்சாரின் மரை பெரும்பாலும் பித்தளை. வால்வு அலுமினியமாக இருந்தால் மழை, சாலை உப்பு பட்டு இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஒரு நண்பருக்குக் குளிர்காலம் முடிந்து சென்சாரைக் கழற்றப் போனபோது வால்வே சேர்ந்து முறிந்து வந்தது. பித்தளை வால்வாகக் கேட்டு வாங்குங்கள்.

4. சென்சார் வகையை முடிவு செய்யுங்கள்

மூன்று வகை இருக்கிறது.

மூடி வகை: சின்னது, எடை குறைவு, ஐந்து நிமிடத்தில் மாட்டலாம். காற்றடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். எடை குறைவு என்ற ஒரே காரணம் போதும்.

காற்று ஊடே போகும் வகை: சென்சாரைக் கழற்றாமலே அதன் பக்கவாட்டு வாய் வழியாகக் காற்றடிக்கலாம். வசதிதான். ஆனால் நீளமும் எடையும் அதிகம். உலோக வால்வு இல்லாமல் இதை வாங்கவே கூடாது. மாட்டியபின் சக்கரத்தைக் கையால் சுற்றி, எங்கும் இடிக்கிறதா என்று பாருங்கள். அலங்கார வீல் கவர் இருந்தால் சென்சாரின் தலை அதில் உரசலாம்.

உள்ளே பொருத்தும் வகை: ரிம்முக்குள் இருக்கும். திருட்டுப் போகாது, உடையாது, வால்வு பின் வழக்கம் போல மூடியே இருக்கும். வெப்பத்தையும் இதுதான் உண்மைக்கு நெருக்கமாகச் சொல்லும். பேட்டரி தீர்ந்தால் டயரைக் கழற்ற வேண்டும் என்பதுதான் குறை. புது டயர் போடப் போகிறீர்கள், டிரெய்லரைப் பல வருடம் வைத்திருப்பீர்கள் என்றால் இதை யோசியுங்கள்.

இதோடு ஒரு கிளைக் கேள்வியும் இருக்கிறது. ஃபோர்டு, ஜிஎம், ராம் நிறுவனங்களின் புதிய பிக்கப்கள் சிலவற்றில், டிரெய்லர் டயரின் அழுத்தத்தையும் வண்டியின் திரையிலேயே காட்டும் வசதி உண்டு. அதற்கு அந்த நிறுவனம் சொல்லும் சென்சார்தான் பொருந்தும். உங்கள் பிக்கப்பில் அந்த மெனு இருந்தால் தனிக் கருவி வாங்குமுன் அதைத் தேடிப் பாருங்கள். அதேபோல் புது டிரெய்லர்கள் சிலவற்றில் லிப்பர்ட்டின் டயர் லிங்க் போன்ற அமைப்பு தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகிறது. டிரெய்லர் வாங்கிய கையோடு வந்த காகிதங்களைப் படிக்காமல் இரண்டாவது செட் வாங்கிய வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

5. நீளத்தை அளந்து, ரிப்பீட்டர் வேண்டுமா என்று பாருங்கள்

சென்சாரின் ரேடியோ அலை மிகச் சிறியது. ஒரு பொத்தான் பேட்டரியில் மாதக்கணக்காக ஓட வேண்டுமே. அது அலுமினியத் தோலும் இரும்புச் சட்டமும் கொண்ட டிரெய்லரைத் தாண்டி, பிக்கப்பின் பெட்டியைத் தாண்டி, உங்கள் கண்ணாடி முன் வர வேண்டும். அளக்க வேண்டியது கடைசி டயரிலிருந்து டிஸ்பிளே இருக்கும் இடம் வரை.

25 அடி டிரெய்லருக்கு மேல் என்றால் ரிப்பீட்டரோடு (சென்சாரின் சிக்னலை வாங்கி முன்னால் கடத்தும் பெட்டி) சேர்ந்த செட்டையே வாங்குங்கள். அதற்குக் கீழேயும் இருந்தால் நல்லதுதான். கருவி வரும் பெட்டியில் போட்டிருக்கும் தூரம் திறந்தவெளியில் அளந்தது, அதை நம்பி இறங்காதீர்கள்.

ரிப்பீட்டரை டிரெய்லரின் முன் பகுதியில், உலோகப் பெட்டிக்குள் அடைக்காமல் வையுங்கள். டயரின் குரலைக் கேட்டு முன்னால் கடத்த வேண்டிய இடம் அதுதான். பிக்கப்புக்குள்ளேயே அதையும் வைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்பார்கள். டிஸ்பிளே இருக்கும் இடத்திலேயே ரிப்பீட்டரும் இருந்தால் அதுவும் அதே இடத்தில் நின்றுதான் காது கொடுக்கிறது, பயன் இல்லை. மின்சாரத்தை டிரெய்லரின் 12 வோல்ட் பக்கத்திலிருந்து ஃபியூஸ் வைத்து எடுங்கள். டிரெய்லரை மாதக்கணக்காக நிறுத்தி வைப்பவர்கள் நடுவில் ஒரு சுவிட்ச் போடுங்கள், இல்லையென்றால் சிறுகச் சிறுக பேட்டரி இறங்கிவிடும்.

ரிப்பீட்டர் இருந்தும் சிக்னல் விட்டு விட்டு வந்தால் பிக்கப்பில் செருகியிருக்கும் மலிவான யூஎஸ்பி சார்ஜர்களையும் டாஷ்கேமையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். அவை கிளப்பும் ரேடியோ இரைச்சலில் சென்சாரின் குரல் அமுங்கிவிடுவது உண்டு.

6. தனி டிஸ்பிளேயா, ஃபோனா

தனி டிஸ்பிளே. ஃபோனில் ஏற்கெனவே வழிகாட்டி ஓடிக்கொண்டிருக்கும், நடுவில் ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவார், குழந்தை பாட்டு கேட்கும். அழுத்தம் குறைந்த அந்த நிமிடத்தில் செயலி பின்னணியில் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அலாரம் சத்தத்தை வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள். ஏசி முழு வேகத்தில் ஓடும்போதும் காதில் விழ வேண்டும்.

7. பெட்டியில் பார்க்க வேண்டிய எண்கள்

அழுத்தத்தின் உச்ச எல்லை முதலில். 80 பிஎஸ்ஐ டயர் வெயிலில் ஓடி 95 வரை போகலாம். எல்லை அதற்கு மேல் தாராளமாக இருக்க வேண்டும். காருக்கான மலிவு செட்டுகள் இங்கேதான் தோற்கும். அடுத்து, வேகமாகக் காற்று இறங்கினால் உடனே சொல்லுமா என்பது. சென்சார்கள் சாதாரணமாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் செய்தி அனுப்பும். ஆணி குத்தி சில நொடிகளில் காற்று போகும்போது அடுத்த முறைக்காகக் காத்திருக்கக் கூடாது. இந்த வசதி இல்லாத செட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

சென்சார் பேட்டரியை நாமே மாற்ற முடியுமா, தனியாக ஒரு சென்சார் மட்டும் வாங்கக் கிடைக்குமா என்றும் பாருங்கள். டிஎஸ்டி, டயர்மைண்டர், ஈஸ்டயர் போல முகாம் வண்டிகளுக்கென்றே (ஆர்வி) செய்கிறவர்களிடம் உதிரி சென்சார் கேட்டு வாங்கலாம். பெயர் தெரியாத செட்டில் ஒரு சென்சார் தொலைந்தால் முழு செட்டையும் தூக்கிப்போட வேண்டி வரும்.

எண்ணிக்கை: நான்கு டயருக்கு ஐந்து சென்சார். ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. தேவைப்படும் அன்றுதான் அதில் 20 பிஎஸ்ஐ இருப்பது தெரியவரும்.

8. பொருத்தும் வரிசை

முந்தின இரவு டிரெய்லரை நிறுத்திவிட்டு, காலையில் வெயில் படுமுன் தொடங்குங்கள். ஓடி வந்த டயரிலோ வெயில் பட்ட டயரிலோ குளிர்ந்த அழுத்தம் கிடைக்காது.

முதலில் ஐந்து டயருக்கும் கேஜ் வைத்துச் சரியான அழுத்தம் ஏற்றுங்கள். அதன் பிறகுதான் சென்சார். இந்த வரிசையை மாற்றினால் சில கருவிகள் குறைந்த காற்றையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு சென்சாரிலும் டேப் ஒட்டி இடத்தை எழுதுங்கள்: இடது முன், இடது பின், வலது முன், வலது பின், ஸ்டெப்னி. ஒன்றை மாட்டி, டிஸ்பிளேயில் அதன் எண் வந்த பிறகே அடுத்ததை எடுங்கள். ஐந்தையும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டு அப்புறம் டிஸ்பிளேயைப் பார்த்தால் எது எங்கே என்று குழம்பிப் போகும். அவசரத்தில் இடது டயர் என்று நினைத்து வலது டயரைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். பின்னாளில் டயர்களை இடம் மாற்றிப் போடும்போதும் இதே குழப்பம் வரும். அன்றைக்கே எழுத்தையும் மாற்றுங்கள்.

கையால் இறுக்கினால் போதும், பிளையர் வேண்டாம். வாஷர் நசுங்கினால் கசியும். சோப்புத் தண்ணீரை அடித்து, ஒரு நிமிடம் அப்படியே பாருங்கள். சின்னச் சின்னக் குமிழி வந்தால் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள். மறுநாள் காலை எண்களைப் பார்க்காமல் பயணம் கிளம்பாதீர்கள். ஒரே இரவில் 3 பிஎஸ்ஐ இறங்கிய டயர் மட்டும் தனியாகத் தெரியும்.

9. அலாரம் எல்லைகளை நீங்களே போடுங்கள்

தொழிற்சாலையிலிருந்து வரும் எல்லைகளை அப்படியே விடுகிறவர்கள்தான் அதிகம். கார்களுக்கான அமெரிக்கச் சட்டம் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்கிறது. 65 பிஎஸ்ஐ டயருக்கு அது 49. சுமையோடு ஓடும் டிரெய்லர் டயருக்கு அது மிகவும் தாமதம். அதற்குள் பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளுக்குள் சூடேறியிருக்கும்.

நான் வைப்பது: கீழ் எல்லை 10 சதவீதம் குறைவு, மேல் எல்லை 25 சதவீதம் கூடுதல். 65க்கு அது 58, 81.

இதில் ஒரு சிக்கல் வரும், தெரிந்துகொள்ளுங்கள். 65 பிஎஸ்ஐ டயரில் வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். டாலஸில் 75 டிகிரியில் 65 வைத்துக் கிளம்பி, பாலோ டூரோ கேன்யனில் இரவு தங்கி, காலையில் 35 டிகிரி என்றால் 6 பிஎஸ்ஐ போயிருக்கும். டிஸ்பிளே 59 காட்டும், அலாரம் அடிக்கிற விளிம்பு. டயரில் எந்த ஓட்டையும் இல்லை. அதற்காகக் கீழ் எல்லையை 50க்கு இறக்கி வைத்துவிடுகிறார்கள். அது தவறு. அந்தக் காலைக் குளிரில் 65 வரை காற்றை ஏற்றுங்கள். குளிர்ந்த அழுத்தம் என்பது அன்றைக்குக் கிளம்பும் இடத்தின் குளிர்தான்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசமானது. மதியம் ஓடும்போது டிஸ்பிளே 75 காட்டும். டயரில் அதிகபட்சம் 65 என்று எழுதியிருக்கிறதே என்று பயந்து, ஓய்விடத்தில் நிறுத்திக் காற்றை இறக்குவார்கள். டயரில் எழுதியிருப்பது குளிர்ந்த நிலைக்கான எண். ஓடும்போது 10 முதல் 20 சதவீதம் ஏறுவது இயல்பு, டயர் அதற்காகவே கட்டப்பட்டது. சூட்டில் இறக்கினால் இரவில் காற்று போதாமல் போகும், மறுநாள் அந்தக் குறைந்த காற்றோடு ஓடி இன்னும் சூடேறும். சூடான டயரில் காற்றை இறக்கவே இறக்காதீர்கள்.

வெப்ப அலாரம் பல கருவிகளில் 158 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து வரும். அப்படியே விடலாம். ஆனால் மூடி வகை சென்சார் வால்வின் நுனியில், காற்று வீசும் இடத்தில் இருக்கிறது. டயரின் உள்ரப்பர் அதைவிடச் சூடாக இருக்கும். அதனால் எண்ணைவிட ஒப்பீட்டைப் பாருங்கள். வெயில் படும் பக்கம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதே பக்கத்தின் இரண்டு டயர்களில் ஒன்று மட்டும் 20 டிகிரி கூட இருந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகப்போகிறது. அழுத்தத்துக்காக வாங்கிய கருவி எனக்கு இரண்டு முறை பிரேக் கோளாறைத்தான் காட்டிக் கொடுத்தது.

10. முதல் பயணத்தில் கவனிக்க வேண்டியவை

காலையில் டிஸ்பிளேயை ஆன் செய்ததும் தெரியும் எண் சில கருவிகளில் நேற்றைய கடைசி எண். சென்சார்கள் நின்ற வண்டியில் தூங்கும், நகர்ந்தால்தான் விழிக்கும். புது எண் வரும்வரை அதை நம்பாமல், முதல் சில பயணங்களில் கேஜ் வைத்தே பாருங்கள்.

வீட்டிலிருந்து இருபது மைல் தூரம் சும்மா ஓட்டிப் பார்த்துத் திரும்புங்கள். எல்லா டயரும் சில மைல்களில் ஒன்றாக ஏற வேண்டும். ஒன்று மட்டும் ஏறாமல் நின்றால் அது கசிகிறதா என்று பாருங்கள்.

மலைக்குப் போனால் ஒரு வியப்பு காத்திருக்கும். டென்வர் 5,280 அடி உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய இரண்டரை பிஎஸ்ஐ குறைவு. கை கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளக்கிறது. சில சென்சார்கள் கடல் மட்டத்தை வைத்தே கணக்குப் போடுகின்றன. அதனால் சென்சார் கேஜைவிட இரண்டு, மூன்று குறைத்துக் காட்டலாம். இரண்டும் பழுதில்லை. காற்றடிக்கும்போது கேஜைப் பாருங்கள்.

வேகமும் இதில் அடங்கும். எஸ்டி டயர்கள் பலவற்றுக்கு, வேறு குறியீடு போட்டிருந்தால் ஒழிய, 65 மைல்தான் எல்லை. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டமே 55தான். டெக்சஸில் 75 போர்டு பார்த்து அழுத்தினால் டிஸ்பிளேயில் வெப்பம் ஏறுவதை நீங்களே பார்ப்பீர்கள். 62க்கு இறக்கிப் பத்து நிமிடத்தில் அது கீழே வருவதையும் பார்க்கலாம்.

11. அலாரம் அடித்தால்

பிரேக்கில் ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஹசார்டு விளக்கைப் போடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிறகு எண்ணைப் பாருங்கள். 65லிருந்து 57க்கு மெதுவாக வந்திருந்தால் அடுத்த வெளியேறும் வழி வரை வேகத்தைக் குறைத்துப் போகலாம். 57, 48, 40 என்று கண்முன்னே இறங்கினால் பாதுகாப்பான அகலமான ஓரம் கிடைத்ததும் நிறுத்த வேண்டும்.

எண்ணுக்குப் பதில் கோடு வந்தால் சிக்னல் போயிருக்கலாம், சென்சாரே கழன்று விழுந்திருக்கவும் செய்யலாம். மூடி வகையில் சென்சார் கழன்றால் வால்வு பின் மூடிக்கொள்ளும், காற்று தங்கும். ஆனால் அதை ஊகித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். இறங்கிப் பாருங்கள்.

இருக்க வேண்டிய அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கும் கீழே ஓடிய டயரில், காற்றை ஏற்றிவிட்டு அப்படியே கிளம்பக் கூடாது. ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்க வேண்டும், உட்சுவர் நைந்திருக்கும். அதே பக்கத்தில் இருக்கும் கூட்டாளி டயரையும் சோதியுங்கள். அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமையை எத்தனை மைல் சுமந்தது என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் யுஎஸ் 287 சம்பவத்துக்குப் பிறகு நான் இரண்டையும் மாற்றினேன். பழைய கூட்டாளியைக் கழற்றியபோது உள்ளிருந்து கரும் ரப்பர் தூள் ஒரு கைப்பிடி கொட்டியது.

12. வண்டியை நிறுத்தி வைக்கும்போது

சீசன் முடிந்ததும் மூடி வகை சென்சார்களைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, டேப்பில் எழுதிய பெயரோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வால்வில் பழைய மூடியைத் திருகுங்கள், தூசியும் தண்ணீரும் பின்னுக்குள் இறங்காது. வசந்தத்தில் புது பேட்டரி போட்டு, வாஷரில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்து, எட்டாவது படியை முதலிலிருந்து செய்யுங்கள்.